சின்ன காரை வைத்துக்கொண்டு பனிக்காலத்தைச் சமாளிக்க முடியுமா?

புதுச்சாலை:

வணக்கம். பனி கொட்டும் ஊருக்குக் குடிவந்த பிறகு எனக்கு இதுதான் முதல் குளிர்காலம். கையில் இருப்பது ஒரு சின்ன ஹேட்ச்பேக், 1.2 லிட்டர் எஞ்சின், முன்சக்கரங்கள்தான் இழுக்கும், கியர் கையால் மாற்றுவது. வெயில் ஊரில் பல வருஷம் ஓட்டிய பழக்கம் இருக்கிறது, ஆனால் பனியில் ஓட்டியதே இல்லை. வேலைக்குப் போய் வர தினமும் கார்தான், வேறு வழி கிடையாது. காலையில் கிளம்பும்போது இருட்டாகத்தான் இருக்கும், வழியில் ஒரு மேடும் அதைத் தாண்டியதும் ஒரு பாலமும் உண்டு.

யாரைக் கேட்டாலும் இதை விற்றுவிட்டு நாலு சக்கரமும் இழுக்கிற பெரிய வண்டியாக வாங்கு என்றுதான் சொல்கிறார்கள். இப்போதைக்கு அதற்கு வசதி இல்லை. சின்ன கார் எடை குறைவு, அதனால்தான் அதிகமாக வழுக்கும் என்பது உண்மையா? டிக்கியில் மணல் மூட்டை போட்டால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னார், போடலாமா? வண்டியோடு வந்த டயரே போதுமா, இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் விட முக்கியமாக, வழுக்க ஆரம்பித்த அந்த நொடியில் கையும் காலும் என்ன செய்ய வேண்டும்? பின்சீட்டில் என் மகளும் இருப்பாள், அதனால் "பார்த்துப் போங்க" என்பதற்கு மேல் கொஞ்சம் விவரமாகச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பட்டறைக்காரன்:

வண்டியை மாற்றுகிற யோசனையை விடுங்கள், அந்தப் பணத்தில் ஒரு சின்னப் பங்கை டயருக்குச் செலவு செய்யுங்கள். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி கிளம்புவதற்கும் மேடு ஏறுவதற்கும் உதவும், மறுக்கவில்லை. ஆனால் பிரேக் பிடிக்கும்போது எல்லா வண்டிக்கும் நாலு சக்கரத்திலும்தானே பிரேக் பிடிக்கிறது, அங்கே அதனால் ஒரு லாபமும் இல்லை. கோடைக்கால டயரோடு வருகிற பெரிய வண்டியை விட, நல்ல வின்டர் டயர் போட்ட உங்கள் ஹேட்ச்பேக் பனியில் சீக்கிரம் நிற்கும்.

எடை குறைவு என்பதால் அதிகம் வழுக்கும் என்பதும் சரியில்லை. கனமான வண்டி சாலையை அதிகமாக அழுத்தும், பிடிப்பு கூடும், உண்மை. ஆனால் நிறுத்த வேண்டிய எடையும் அதே அளவுக்குக் கூடிவிடுகிறதே, அதனால் இரண்டும் கிட்டத்தட்ட சரிக்குச் சரியாகப் போய்விடும். இன்னொன்று, சின்ன காரில் டயர் குறுகலாக இருக்கும். புதுப் பனியில் அகலமான டயர் மேலே மிதக்கப் பார்க்கும், குறுகலான டயர் பனியை வெட்டிக்கொண்டு கீழே இறங்கும். எஞ்சின் பாரமும் இழுக்கிற முன்சக்கரங்களின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. பனிக்கு இது நல்ல அமைப்பு.

இப்போது டயர். சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே விறைக்கத் தொடங்கும், பனியே இல்லாவிட்டாலும். வின்டர் டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் மெத்தென்று இருக்கும்படி செய்தது, அதன் மேல் மெல்லிய கீறல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும், அந்தக் கீறல்கள்தான் பனியைக் கவ்வும். வாங்கும்போது பக்கச் சுவரைப் பாருங்கள், மூன்று சிகரம் உள்ள மலை, அதற்குள் ஒரு பனிப்பூ என்று ஒரு சின்னம் இருக்கும். அது இருந்தால் பனியில் சோதித்துத் தேறிய டயர் என்று அர்த்தம். "எம்+எஸ்" என்ற எழுத்து மட்டும் இருந்தால் நம்பாதீர்கள், அது தயாரிப்பவரே போட்டுக்கொள்கிற குறி, சோதனை எதுவும் தேவையில்லை. உங்கள் டயர் நன்றாக இருக்கிறது என்கிறீர்கள், பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். பள்ளத்தின் ஆழத்தை அளந்து பாருங்கள், பனிக்கு 4 மி.மீ.க்குக் குறையக் கூடாது.

காசை மிச்சம் பிடிக்கலாம் என்று முன்னால் இரண்டு மட்டும் வின்டர் டயர் போட்டு, பின்னால் பழையதையே விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முன்பக்கம் கெட்டியாகப் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது, வளைவில் லேசாகப் பிரேக் தொட்டாலே வால் சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிடும். போட்டால் நாலும், இல்லையென்றால் அந்த நாளில் காரை எடுக்காமல் இருப்பதே மேல்.

மணல் மூட்டை விஷயம் பின்சக்கரம் இழுக்கிற வண்டிகளுக்குச் சொன்னது. உங்களுக்கு இழுப்பது முன்சக்கரம், டிக்கியில் பாரம் ஏற்றினால் முன்பக்கம் இன்னும் லேசாகும், இருக்கிற பிடிப்பும் போகும். கட்டாமல் போட்ட மூட்டை மோதலில் குழந்தை இருக்கிற சீட்டின் மேல் வந்து இடிக்கும், அது அதைவிட மோசம்.

டயரில் காற்றழுத்தத்தையும் பாருங்கள். குளிர் 5, 6 டிகிரி கூடக் கூட ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. குறையும். 20 டிகிரி வெப்பமுள்ள பட்டறைக்குள் 32 அடித்துக்கொண்டு மைனஸ் 10க்கு வெளியே வந்தால் டயரில் 27 சொச்சம்தான் நிற்கும். வண்டி ராத்திரி முழுக்க வெளியில் நின்ற பிறகு, காலையில் ஓட்டுவதற்கு முன் அளக்க வேண்டும்.

இரவுப்பயணி:

டயரைப் பற்றி மேலே அண்ணன் சொன்னதில் கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை. நான் இரவில் சரக்கு வேன் ஓட்டுகிறவன், ஓட்டும் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

முதலில் தூரக் கணக்கு மனதில் ஏற வேண்டும், மற்றதெல்லாம் தன்னால் வரும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள், காய்ந்த தார்ச்சாலையில் பிரேக் பிடித்தால் ஏறக்குறைய 12 மீட்டரில் நின்றுவிடும். அதே வேகம், அமுங்கிய பனி என்றால் 40லிருந்து 50 மீட்டர். கண்ணாடி மாதிரி ஐஸ் என்றால் 100 மீட்டரை ஒட்டிப் போகும். இது பிரேக்கை மிதித்த பிறகு ஓடுகிற தூரம் மட்டும்தான், நீங்கள் பார்த்து, புரிந்து, கால் வைப்பதற்குள் ஒரு விநாடி போனாலே இன்னொரு 14 மீட்டர் தாண்டியிருப்பீர்கள். வேகத்தை 30க்குக் குறைத்துவிட்டால் அதே ஐஸில் 35 மீட்டர். அதாவது வேகத்தைப் பாதிகூடக் குறைக்கவில்லை, தூரம் பாதிக்கும் கீழே இறங்குகிறது, எந்தக் கருவியும் கொடுக்காத பாதுகாப்பு இது. முன்னால் போகிற வண்டிக்கும் உங்களுக்கும் 8லிருந்து 10 விநாடி இடைவெளி விடுங்கள், அது ஒரு கம்பத்தைத் தாண்டியதிலிருந்து நீங்கள் அந்தக் கம்பத்துக்கு வரும் வரை எண்ணிப் பாருங்கள். நடுவில் யாராவது புகுந்தால் புகட்டும், மறுபடி பின்வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், டயருக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் கொடுக்க வேண்டும். இருக்கிற கொஞ்சப் பிடிப்பை பிரேக்குக்கும் திருப்பத்துக்கும் பங்கு போட்டால் இரண்டுக்கும் போதாது. வளைவுக்கு முன்பே, நேராகப் போகும்போதே வேகத்தைக் குறைத்துவிட்டு, பிரேக்கை விட்டுவிட்டு, பிறகு திருப்புங்கள், வண்டி நேரானதும் மெதுவாக ஆக்சிலரேட்டர். கியரை இறக்கினாலும் கிளட்சைப் பட்டென்று விடாதீர்கள், முன்சக்கரம் இழுபட்டு அங்கேயே சறுக்கும். கிளம்பும்போது முதல் கியரில் சக்கரம் சும்மா சுற்றினால் இரண்டாவது கியரில் கிளம்பிப் பாருங்கள்.

சறுக்கல் இரண்டு விதம். உங்கள் வண்டியில் அடிக்கடி வருவது முன்பக்கச் சறுக்கல், ஸ்டியரிங்கைத் திருப்பியிருப்பீர்கள் ஆனால் வண்டி பாட்டுக்கு நேராகவே போகும். அப்போது எல்லோருடைய கையும் இன்னும் அதிகமாகத் திருப்பத்தான் போகும், அது ஒரு பயனும் தராது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள், திருப்பியதைக் கொஞ்சம் திரும்ப விடுங்கள், சக்கரம் உருளத் தொடங்கியதும் பிடிப்பு வரும், வந்ததும் மறுபடி மெதுவாகத் திருப்பலாம். இரண்டாவது, பின்பக்கம் வால் வீசுவது. கிளட்சை மிதியுங்கள், பிரேக்கைத் தொடாதீர்கள், எங்கே போக வேண்டுமோ அந்த இடத்தைப் பாருங்கள், ஸ்டியரிங்கை அங்கே திருப்புங்கள். மரத்தைப் பார்த்தால் மரத்துக்குத்தான் போவீர்கள், கண் போகிற இடத்துக்குக் கை போகும். வால் நேராக வரும்போதே ஸ்டியரிங்கையும் நேராக்கிவிட வேண்டும், தாமதித்தால் அடுத்த பக்கம் வீசும், அந்த இரண்டாவது வீச்சு முதலாவதை விடப் பலமாக இருக்கும்.

பாலத்தைப் பற்றிச் சொன்னீர்களே, அங்கேதான் உங்கள் கவனம் முழுக்க இருக்க வேண்டும். மண்ணின் மேல் போட்ட சாலைக்குக் கீழே கொஞ்சம் சூடு இருக்கும், பாலத்துக்கு மேலும் கீழும் குளிர்காற்று, அதனால் சாலை வெறும் ஈரமாக இருக்கும் நேரத்தில் பாலம் உறைந்திருக்கும். பிளாக் ஐஸ் என்று சொல்வது கறுப்பு நிறம் இல்லை, தெளிவான கண்ணாடிப் படலம், கீழே இருக்கிற தார் தெரிவதால் ஈரச்சாலை மாதிரியே இருக்கும். ஒரு அடையாளம் சொல்கிறேன்: சாலை நனைந்து பளபளவென்று இருக்கிறது, ஆனால் முன்னால் போகிற வண்டியின் சக்கரத்திலிருந்து தண்ணீர்த் துளி தெறிக்கவில்லை என்றால் அது தண்ணீர் இல்லை. அதே நேரத்தில் டயர் சத்தம் திடீரென்று அடங்கும், ஸ்டியரிங் கையில் லேசாகிப்போகும். அப்போது பிரேக்கும் வேண்டாம், திருப்பவும் வேண்டாம், காலை எடுத்துவிட்டு நேராகத் தாண்டுங்கள். அதனால்தான் பாலத்துக்கு வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைக்கச் சொல்கிறேன்.

மைனஸ் 15ஐ விட 0 டிகிரிக்குப் பக்கத்தில்தான் அதிகம் பயப்பட வேண்டும், ஐஸின் மேல் மெல்லிசாகத் தண்ணீர் நிற்கும்போதுதான் அது ரொம்ப வழுக்கும். கடுங்குளிரில் ஐஸிலும் கொஞ்சம் பிடிப்பு இருக்கும். ஆனால் அந்தக் குளிரில் சாலையில் தூவுகிற உப்பு மெதுவாகத்தான் வேலை செய்யும், உப்பு போட்டுவிட்டார்கள் என்று தைரியமாகப் போகாதீர்கள்.

மலைச்சாலை:

ஒரு விஷயத்தில் மட்டும் பட்டறைக்காரன் அண்ணனோடு கொஞ்சம் மாறுபடுகிறேன். சின்ன கார் பனிக்கு நல்லது என்று முழுசாகச் சொல்லிவிட முடியாது. தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் இடையில் 15 செ.மீ. கூட இருக்காது பல ஹேட்ச்பேக்குகளில். பனி அதைத் தாண்டிவிட்டால் வண்டி பனியின் மேல் வயிற்றை வைத்து உட்கார்ந்துவிடும், சக்கரம் தரையை அழுத்தாது, அப்புறம் உலகத்தில் இருக்கிற எந்த டயரும் உதவாது. உங்கள் காரின் கையேட்டில் அந்த உயரம் எவ்வளவு என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த அளவுக்குப் பனி விழுந்து இன்னும் வாரவில்லை என்றால் அன்று கிளம்பாதீர்கள். இதில் திறமைக்கு வேலையே இல்லை.

இன்னொன்று லாரித் தடம். லாரிகள் போய்ப் போய்ப் பனியில் இரண்டு பள்ளம் விழுந்திருக்கும், அந்த இரண்டுக்கும் இடையில் உள்ள அகலம் சின்ன காரின் அகலத்தோடு பொருந்தாது, ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில், மறுபக்கம் மேட்டில் என்று வண்டி அலைபாயும். ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டாமல், வேகத்தைக் குறைத்து, தளர்வாகப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். இரண்டு தடங்களுக்கு நடுவில் குவிந்திருக்கிற சேறு மாதிரியான பனிக்கு மேல் தடம் மாறும்போது வண்டியை அது ஒரு பக்கமாக இழுக்கும், எனவே அவசியம் இல்லாமல் முந்தவே முந்தாதீர்கள். பனி வாரும் வண்டியை நிச்சயமாக முந்தக் கூடாது, அது வாரிக்கொடுத்த சாலைதான் இருப்பதிலேயே நல்ல சாலை, பின்னால் தள்ளியே போங்கள்.

மேடு: முன்னால் ஒரு வண்டி ஏறிக்கொண்டிருந்தால் கீழேயே நின்று அது உச்சியைத் தாண்டும் வரை காத்திருங்கள். பாதி மேட்டில் நின்றால் மறுபடி கிளம்ப முடியாது. கீழே சமதளத்திலேயே தேவையான வேகத்தை எடுத்துக்கொண்டு, ஒரே சீராக ஏற வேண்டும், நடுவில் கியர் மாற்றக் கூடாது. உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்குவதற்கு முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள்.

பனியில் பிடிப்புக்காக டயரைச் சுற்றி மாட்டுகிற செயின் வாங்கி வைத்தால் உங்கள் வண்டிக்கு முன்சக்கரத்தில் மாட்ட வேண்டும், மாட்டிக்கொண்டு 50ஐத் தாண்டக் கூடாது. வீட்டு வாசலிலேயே காய்ந்த நாளில் கையுறையோடு மாட்டிக் கழற்றிப் பழகுங்கள், இருட்டில் விரல் மரத்துப்போன நேரத்தில் முதல் முறையாகப் பிரித்துப் பார்க்கிற பொருள் இல்லை அது.

புதுச்சாலை:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நாலு வின்டர் டயரும் போட்டாகிவிட்டது, ஓட்டிய உடனே வித்தியாசம் தெரிகிறது. பனி விழுந்த ஒரு காலி மைதானத்தில், அனுமதி கேட்டுக்கொண்டு, மெதுவான வேகத்தில் பிரேக் பிடித்துப் பார்த்தேன். பிரேக் பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிர்கிறது, சத்தமும் வருகிறது, ஏதாவது பழுதா? விட்டு விட்டு மிதிக்க வேண்டும் என்று ஒரு பழைய டிரைவர் சொன்னார், அது சரியா? அப்புறம் காலையில் உள்பக்கக் கண்ணாடி எல்லாம் புகை மூட்டமாகிவிடுகிறது, எவ்வளவு துடைத்தாலும் மறுபடி வருகிறது.

பட்டறைக்காரன்:

காலி மைதானத்தில் பழகியது ரொம்ப நல்ல வேலை. அந்த அதிர்வு பழுது இல்லை, ஏ.பி.எஸ். வேலை செய்கிற சத்தம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க அது விநாடிக்குப் பல முறை பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கிறது. அந்தப் பெரியவர் சொன்னது ஏ.பி.எஸ். இல்லாத காலத்துக்குச் சரி. உங்கள் வண்டியில் அவசரத்துக்கு அழுத்தி மிதித்து, அதிர்ந்தாலும் விடாமல் பிடியுங்கள், ஸ்டியரிங் உங்கள் சொல் கேட்கும். ஒன்று மட்டும், இளகிய ஆழமான பனியில் ஏ.பி.எஸ். இருந்தால் நிற்கிற தூரம் கூடத்தான் செய்யும், பூட்டிய சக்கரத்துக்கு முன்னால் குவிகிற பனி அங்கே தடுப்பாக நிற்கும், உருளும் சக்கரத்துக்கு அது கிடைக்காது. அதற்கும் சேர்த்து இடைவெளி விடுங்கள்.

மூட்டத்துக்குக் காரணம் உள்ளே இருக்கிற ஈரம். செருப்பில் ஒட்டிய பனியை வெளியிலேயே தட்டிவிட்டு ஏறுங்கள், தரைவிரிப்பு நனைந்திருந்தால் வீட்டுக்குள் எடுத்துப்போய்க் காய வையுங்கள். உள்காற்றையே சுற்றவிடுகிற பட்டனை அணைத்து, வெளிக்காற்றை உள்ளே விட்டு, ஹீட்டரோடு சேர்த்து ஏ.சி.யையும் போடுங்கள். குளிரில் ஏ.சி.யா என்று யோசிக்காதீர்கள், அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், ஹீட்டர் அந்தக் காற்றைச் சூடாக்கும், கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும். வெளிக்கண்ணாடியில் சுடுதண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், விரிசல் விழும்.

தாய்மனம்:

இதுவரை யாரும் குழந்தையின் பெல்ட்டைப் பற்றிப் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன். பஞ்சு அடைத்த தடித்த ஜாக்கெட்டோடு குழந்தையைக் கார் சீட்டில் உட்காரவைத்து பெல்ட் போடாதீர்கள். வீட்டிலேயே பாருங்கள்: ஜாக்கெட்டோடு உட்காரவைத்து பெல்ட்டை இறுக்குங்கள், இறுக்கமாகத்தான் இருக்கும். இப்போது பெல்ட்டின் அளவை மாற்றாமல் அவிழ்த்து, ஜாக்கெட்டைக் கழற்றி, மறுபடி பூட்டுங்கள். தோளுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் தொங்குகிறது என்று பார்த்தால் உங்களுக்கே பதறும். மோதலில் பஞ்சு அமுங்கி அந்த இடம் அத்தனையும் திறந்துகொள்ளும், குழந்தை பெல்ட்டிலிருந்து நழுவலாம். மெல்லிய ஸ்வெட்டர் போட்டு பெல்ட்டை இறுக்கிவிட்டு, மேலே ஜாக்கெட்டையோ போர்வையையோ போர்த்திவிடுங்கள். பெரியவர்களுக்கும் இதே கதைதான், தடித்த கோட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள்.

கிளம்புவதற்கு முன் காரின் கூரையில் இருக்கிற பனியையும் முழுசாகத் தள்ளிவிடுங்கள் சகோதரி, கண்ணாடியில் ஒரு ஓட்டை மட்டும் சுரண்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கும்போது மனசு பதைக்கிறது. உள்ளே சூடானதும் கூரைப் பனி அடியில் இளகும், பிரேக் பிடித்த நேரத்தில் மொத்தமாக முன்கண்ணாடியில் சரிந்து விழும், வைப்பரால் அதைத் தள்ள முடியாது. விளக்குகளையும் கையால் துடைத்துவிடுங்கள், எல்.இ.டி. விளக்குகள் அதிகம் சூடாகாததால் பனி தானாக உருகாது. பகலில் தானாக எரிகிற விளக்கை நம்பாமல் ஹெட்லைட்டை நீங்களே போடுங்கள், பல வண்டிகளில் அந்தப் பகல் விளக்கு எரியும்போது பின்விளக்கு எரிவதில்லை. பனி கொட்டும்போது ஹை பீம் வேண்டாம், வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணிலேயே திரும்ப அடிக்கும்.

இரவுப்பயணி:

சகோதரி சொன்ன ஜாக்கெட் விஷயம் எனக்கும் புதுசு, நன்றி.

மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதையும் சேர்த்துவிடுகிறேன். சக்கரம் சும்மா சுற்றினால் உடனே நிறுத்துங்கள், சுற்றச் சுற்றக் கீழே உள்ள பனி உருகி ஐஸாகி இன்னும் பள்ளம் பறிக்கும். சக்கரங்களை நேராக்கி, முன்னும் பின்னும் மண்வெட்டியால் பனியை எடுத்து, முன்சக்கரத்துக்கு முன்னால் கொஞ்சம் மணல் தூவி, இரண்டாவது கியரில் மெதுவாக நகர்த்துங்கள். டிராக்‌ஷன் கன்ட்ரோல் (சக்கரம் சும்மா சுற்றாமல் தடுக்கிற அமைப்பு) எஞ்சின் சக்தியை அமுக்கி வண்டியை நகரவிடாமல் செய்தால் அப்போதைக்கு மட்டும் அணைத்துவிட்டு, வெளியே வந்ததும் மறக்காமல் போட்டுவிடுங்கள். பாரத்துக்காக மூட்டை வேண்டாம், ஆனால் தூவுவதற்கு ஒரு சின்ன டப்பா மணல் இருக்கட்டும். அதோடு மடக்கு மண்வெட்டி, டார்ச், போர்வை, குடிதண்ணீர், ஜம்பர் கேபிள், சார்ஜ் உள்ள போன்.

நகரவே முடியாமல் நடுவழியில் நின்றால் வண்டியை விட்டு இறங்கி நடக்காதீர்கள், உதவிக்குப் போன் செய்துவிட்டு உள்ளேயே இருங்கள். எஞ்சினைப் போடுவதற்கு முன் பின்னால் போய் சைலன்சர் குழாயைச் சுற்றியுள்ள பனியைத் தோண்டி எடுத்துவிடுங்கள். அது அடைபட்டிருந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உள்ளே வரும், மணமும் இருக்காது, நிறமும் இருக்காது, தூக்கம் வருகிற மாதிரிதான் இருக்கும். மணிக்கு ஒரு 10 நிமிஷம் மட்டும் ஓடவிட்டு, காற்று அடிக்காத பக்கத்து ஜன்னலை ஒரு விரல் அகலம் திறந்து வையுங்கள். பனி தொடர்ந்து கொட்டினால் ஒவ்வொரு முறையும் அந்தக் குழாயைப் போய்ப் பார்க்க வேண்டும். பெட்ரோல் டேங்க் பாதிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வதும் இதற்காகத்தான்.

புதுச்சாலை:

ஜாக்கெட் சோதனையைச் செய்து பார்த்தேன், என் கை முழுசாக நுழைகிற அளவுக்கு இடம் இருந்தது. இன்றைக்கே மாற்றிவிட்டேன். கடைசியாக ஒரே ஒரு கேள்வி, ராத்திரி வெளியில் நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் உறைந்துவிடும் என்கிறார்கள், போடலாமா வேண்டாமா?

மலைச்சாலை:

சமதளம் என்றால் ஹேண்ட்பிரேக் வேண்டாம், முதல் கியரிலோ ரிவர்ஸிலோ விட்டுவிட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டை கொடுங்கள். ஈரச்சாலையில் ஓட்டிவந்து அப்படியே நிறுத்தும் நாள்களில்தான் ஒட்டிக்கொள்ளும், காய்ந்த குளிரில் அவ்வளவு தொந்தரவு இல்லை. சரிவு என்றால் யோசிக்காமல் போட்டுவிடுங்கள், கியரிலும் விட்டு, வண்டி இறக்கத்தைப் பார்த்து நின்றால் சக்கரத்தை நடைபாதை விளிம்புப் பக்கமும், ஏற்றத்தைப் பார்த்து நின்றால் அதற்கு எதிர்ப்பக்கமும் திருப்பி வையுங்கள். காலையில் ஒட்டிக்கொண்டால் எஞ்சினைச் சூடாக்கிவிட்டு முன்னும் பின்னும் மெதுவாக அசைத்தால் பெரும்பாலும் விட்டுவிடும், விடவில்லை என்றால் இழுத்துக்கொண்டு ஓட்டாமல் பட்டறையைக் கூப்பிடுங்கள்.